பக்கத்துக் கட்டிலில் படுத்தால் ரத்தம் ஏறாது

ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டே கவுன்டர் முன்னால் வந்து நின்று, "எங்க சார் படுக்கணும், அம்மா பக்கத்துலயா?" என்று கேட்டவர்களை இந்தப் பதினெட்டு வருஷமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்று வித்தியாசமே கிடையாது. எல்லோருக்கும் அதே படம்தான் மனதில் ஓடுகிறது. இரண்டு கட்டில், நடுவில் ஒரு ட்யூப், இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு ரத்தம் போகிறது, பின்னணியில் வயலின்.

ஒரு ராத்திரி நைட் டியூட்டியில் இருந்தேன். ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கும், ஓடி வந்தான். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், ரத்தப்போக்கு நிற்கவில்லை, இரண்டு யூனிட் கேட்டுச் சீட்டு வந்திருந்தது. அதே குரூப்பில் ஃப்ரிட்ஜில் ரத்தம் இருந்தது, நான் கிராஸ் மேட்ச், அதாவது அந்த ரத்தம் அவன் அம்மாவுக்கு ஒத்துப்போகிறதா என்கிற சோதனையை, ஆரம்பித்துவிட்டேன். அவன் விடவில்லை. "வேற யார் ரத்தமும் வேணாம் சார், என் ரத்தத்தையே ஏத்துங்க, எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்று அழுகிறான். முக்கால் மணி நேரம் ஆகும் என்றதும், நான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறேன் என்று நினைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, படங்களில் பத்து விநாடியில் முடிகிற விஷயம் அது.

அந்த ட்யூப் காட்சி முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. 1908-இல் நியூயார்க்கில் அலெக்சிஸ் காரெல் என்ற அறுவை மருத்துவர், ஒரு அப்பாவின் ரத்தக்குழாயைக் குழந்தையின் ரத்தக்குழாயோடு நேராக இணைத்து ரத்தம் ஏற்றியிருக்கிறார். வெளியே எடுத்தால் ரத்தம் உறைந்துவிடும், அன்றைக்கு வேறு வழியில்லை. 1914-இல் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் ரத்தம் உறையாமல் இருக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அதிலிருந்துதான் ரத்தத்தைச் சேமித்து வைக்கிற வழியே பிறந்தது. ஆக, நூறு வருஷத்துக்கு முன்னால் மருத்துவம் விட்டுவிட்டு வந்த ஒன்றைத் திரையில் இன்னும் பிடித்து வைத்திருக்கிறோம். 1977-இல் வந்த 'அமர் அக்பர் அந்தோணி' இந்திப் படத்தில் மூன்று பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருப்பார்கள், மூன்று பேர் ரத்தமும் மேலே ஒரு பாட்டிலுக்கு ஏறி, ஒன்றாகக் கலந்து அம்மாவுக்கு இறங்கும். அந்தக் காட்சிக்கு இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் எங்கள் இடத்தில் பையைக் கட்டிலுக்குக் கீழேதான் வைப்போம், ரத்தம் கீழ்நோக்கித்தான் பைக்கு வரும்.

எடுப்பது 350 மில்லி, இல்லையென்றால் 450. அதற்கு மேல் யார் கெஞ்சினாலும் எடுக்க மாட்டோம். எடுத்த ஒவ்வொரு பைக்கும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனை கட்டாயம். அப்புறம் கிராஸ் மேட்ச். நோயாளியின் சீரத்தையும் கொடையாளியின் சிவப்பணுக்களையும் கலந்து, 37 டிகிரியில் வைத்திருந்து, திரள்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பான ரத்தம் உள்ளே போனால் உடம்பே அந்த அணுக்களை உடைக்கும், கிட்னி போகும், உயிரும் போகலாம். அந்தப் பையன் வெளியே அழுதுகொண்டிருந்த நேரத்தில் உள்ளே நான் செய்துகொண்டிருந்தது இதைத்தான். உயிர் போகிற அவசரம் என்றால், கிராஸ் மேட்ச் முடியும்வரை காத்திருக்காமல், அநேகமாக எல்லோருக்கும் ஒத்துப்போகிற ஓ நெகட்டிவ் கொடுக்கவும் வழி உண்டு. அதை டாக்டர் முடிவு செய்து எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் இந்த ட்யூப்பைவிட எனக்குப் பெரிய வருத்தம் தருவது அதற்குப் பின்னால் இருக்கிற நம்பிக்கைதான். சொந்த ரத்தம்தான் நல்ல ரத்தம், பெற்ற பிள்ளையின் ரத்தம் சேர்ந்தால் அம்மா பிழைப்பாள் என்கிற நம்பிக்கை. உண்மை நேர்மாறாக இருக்கிறது. நெருங்கிய சொந்தக்காரரின் ரத்தத்தில் இருக்கிற வெள்ளையணுக்கள் நோயாளியின் உடம்புக்கு வேற்றாளாகத் தெரியாமல் போகலாம். உடம்பு அவற்றை அழிக்காமல் விட்டுவிடும். அந்த அணுக்கள் உள்ளேயே பெருகி நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்க ஆரம்பிக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. அதனால் அப்பா, அம்மா, பிள்ளை, உடன்பிறந்தவர் ரத்தத்தைக் கதிர்வீச்சு கொடுத்த பிறகுதான் ஏற்றலாம், அந்தக் கருவி எல்லா ஊரிலும் கிடையாது. புருஷன் ரத்தத்தை, இனிமேல் பிள்ளை பெற வேண்டிய பெண்சாதிக்கு ஏற்றுவதையும் தவிர்ப்போம். அவள் உடம்பில் உருவாகிற எதிர்ப்பொருள் பின்னால் வயிற்றுக் குழந்தையைத் தாக்கக்கூடும்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. "தம்பி, உன் ரத்தம் உங்கம்மாவுக்கு ஆபத்தாகக்கூட முடியலாம், ஏற்கெனவே டெஸ்ட் பண்ணி வெச்ச ரத்தம் ரெடியா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவன் அப்படியே நின்றுவிட்டான். விடிந்ததும் அவனே வந்து ரத்தம் கொடுத்தான். அம்மாவுக்குப் போன இரண்டு பையும் யாருடையது என்று கேட்டான். அதைச் சொல்லக் கூடாது, பையில் நம்பர் மட்டும்தான் இருக்கும். ஏதோ ஒரு காலேஜ் கேம்பில் வந்தது என்பது வரைதான் சொன்னேன்.

இன்னொரு விஷயம் டிவி சீரியல்கள் செய்வது. குழந்தை யாருடையது என்பதை ரத்த குரூப்பை வைத்து ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒருத்தர் மூன்று ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் பி பாசிட்டிவ், மனைவி ஓ பாசிட்டிவ், குழந்தை ஓ பாசிட்டிவ். குரலைத் தாழ்த்தி, "இது எப்படி சார் வரும்?" என்றார். அந்த அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாக வீட்டில் இந்தப் பேச்சு ஓடியதோ, அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். பி குரூப்காரரிடம் மறைந்த ஓ ஒன்று இருக்கலாம், அது குழந்தைக்குப் போனால் குழந்தை ஓ, இதில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. அவர் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, இரண்டு பேரையும் உட்கார வைத்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

வரவே வராது என்று தோன்றுகிற கணக்குகூட வரலாம். பாம்பே குரூப் என்று ஒன்று உண்டு, 1952-இல் பம்பாயில் டாக்டர் ஒய். எம். பெண்டேவும் அவரோடு இருந்தவர்களும் கண்டறிந்தது. சாதாரண டெஸ்டில் ஓ என்றுதான் காட்டும், உள்ளே ஏ-யோ பி-யோ மறைந்திருந்து குழந்தைக்குப் போகும். இவர்களுக்கு ஓ ரத்தம்கூட ஏற்றக் கூடாது, இன்னொரு பாம்பே குரூப் ஆளைத்தான் தேட வேண்டும். ஒரு குடும்பத்தின் நிம்மதியை வெறும் குரூப்பை வைத்துக் குலைக்கிற வசனத்தை எழுதுகிறவர்கள், யாராவது ஒரு டெக்னீஷியனிடம் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு எழுதலாம்.

ரத்தத்தை விற்றுப் பசியாறுகிற கதாநாயகனும் படங்களில் இருந்தான். காசுக்கு ரத்தம் வாங்குவது 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் தடை. ரத்தம் கொடுத்ததும் சுவரைப் பிடித்துத் தள்ளாடி வருகிற காட்சி மட்டும் இன்னும் போகவில்லை. அதைப் பார்த்துப் பயந்து கேம்ப் வாசல் வரை வந்து திரும்பிப் போகிற பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

போன வருஷம் ஓர் உதவி இயக்குநர் வந்தார். காலிப் பையும் ட்யூப்பும் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமாம். காட்டினேன். "பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சாத்தான் சார் எமோஷன் வரும்" என்றார். வாங்க என்று ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினேன். புதுசாக வந்த பை பின்வரிசைக்குப் போகும், முன்னால் வந்த பை முன்னால் வெளியே போகும், சிவப்பணுவுக்கு 35 நாள்தான், சில கரைசல் சேர்த்தால் 42. மகன் இங்கே கொடுத்த பை பின்வரிசைக்குப் போகட்டும், அதே நேரத்தில் முன்வரிசையிலிருந்து யாரோ கொடுத்த பை ஒன்று அம்மா இருக்கிற மாடிக்குப் படியேறட்டும், அப்படி எடுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டார். படம் இன்னும் வரவில்லை.