ஒரு பாதி கண்ணாடி, மறு பாதி இன்னும் 800-இல்

யோயோவைக் கண்ணாடி மாதிரி பளபளக்கத் தேய்க்கும் வேலையில், ஒருவழியாக ஒரு பாதி முடிந்தது. குழல்விளக்குக்கு அடியில் பிடித்தால் விளக்கின் ஓரம் கலங்காமல் கத்தி மாதிரி தெரிகிறது. ஓரத்தில் வெள்ளையாகப் புகை படிந்தது போலத் தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி என்று அர்த்தம். அனோடைஸ் (சாயம் ஏற்றும் ஆக்சைடு மேல்படலம்) இல்லாத வெறும் 6061 ரக அலுமினியம் இது.

"ஆட்டோசோல் வாங்கித் தேய், போதும்" என்பவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆட்டோசோல் என்ற உலோகப் பாலிஷ் பசை கடைசிக் கட்டத்துக்குத்தான். கண்ணாடி வருவதும் வராததும் உப்புத்தாளில் 400-ஆம் நம்பரிலிருந்து 800 வரைக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது (நம்பர் ஏற ஏறத் தாள் நைசாகும்).

தொல்லை எங்கே என்றால், லேத்தில் கடைந்த கோடு வட்டமாக ஓடும். டிரில்லில் மாட்டி உப்புத்தாள் பிடித்தால் அந்தக் கோடும் வட்டம்தான். பழைய கோடு புதுக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். 2000 வந்த பிறகுதான் பல்லைக் காட்டும். அதனால் ஒவ்வொரு நம்பர் முடிந்ததும் டிரில்லை நிறுத்திவிட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கையால் குறுக்கே தேய்க்கிறேன். இப்போது வட்டக் கோடு ஏதாவது மிச்சம் இருந்தால் உடனே மாட்டிக்கொள்ளும். அது முழுக்கப் போன பிறகுதான் அடுத்த நம்பர். தாளை நனைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் துகள் அடைக்காது.

டிரில்லில் மாட்ட நீளமான எம்4 போல்ட் போதும். முன்பக்கச் சுற்றில் மட்டும் ஓட்டுங்கள், உரசலில் மரை இறுகிக்கொண்டே போகும். ரிவர்ஸில் போட்டால் கழன்று பறந்துவிடும். பேரிங் உட்காரும் இடத்தை டேப் சுற்றி மூடிவிடுங்கள். அங்கே ஒரு இழை தேய்ந்தாலும் பேரிங் ஆடும், அப்புறம் சுற்றும்போது வைப்தான், அதாவது அதிர்வு. இரண்டு பாதிக்கும் ஒரே அளவு தேய்ப்பு என்பதையும் மறக்கக் கூடாது.

ஆட்டோசோல் டியூப் பக்கத்து மோட்டார் கடை அண்ணனுடையது. இஞ்சின் கவரைப் பளபளக்க வைக்க வைத்திருக்கிறார். "என்ன தம்பி, வால்வா இது?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். துணியில் கருப்பு வருவது நிற்கும் வரை தேய்க்காதீர்கள், அது நிற்கவே நிற்காது. அந்தக் கருப்பே தேய்ந்து வந்த அலுமினியம்தான்.

பராமரிப்பு என்றால் வியர்வையோடுதான் சண்டை. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் புழுக்கத்தில் விளையாடிவிட்டு அப்படியே வைத்தால் மறுநாள் விரல் ரேகை தெளிவாக இருக்கும். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு டப்பாவில் போடுகிறேன். கார் மெழுகு வெளி விளிம்புக்கு மட்டும். உள்சுவரில் நூல் உரசி ஒரு மங்கிய வளையம் விழத்தான் செய்யும், அதோடு மல்லுக்கட்டவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும்: சுற்றும் யோயோவை விரல் மேல் நிறுத்தும் ஃபிங்கர் கிரைண்ட் போச்சு. ஈர விரலில் கண்ணாடிப் பரப்பு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு பிளாஸ்ட் செய்த, அதாவது துகள் பீய்ச்சி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய யோயோதான் சரி.

அடுத்தது, சாயம் உரிந்த ஒரு 7075 ரக அலுமினிய யோயோ. சாக்கடை அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடாவில் அனோடைஸை உரிக்க நினைக்கிறேன். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் கொல்லையில்தான், கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டு. 7075-இல் செம்பு கலந்திருப்பதால் கரி மாதிரி ஒரு படிவு வேறு வரும்.

ஆனால் முதலில் இந்த மறு பாதி. 1000 நம்பர் தாள் தீர்ந்துவிட்டது. டவுன் ஹார்ட்வேர் கடையில் 800-ஐ விட்டால் நேராக 1500 தான் இருக்கிறது. ஈப்போ போகும்போதுதான் வாங்க வேண்டும்.