அப்பாயியின் உப்புக் கிண்ணம்

எங்கள் வீட்டில் உப்பு எப்போதும் அந்தக் கிண்ணத்தில்தான் இருக்கும். முன்பு தொங்குவா ஊரில் அப்பாயியின் அடுப்படியில் இருந்தது, இப்போது ரங்கூனில், தாமுவே வீட்டு அலமாரியில். 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு பெரியத்தை குடும்பம் கப்பலேறிப் போனது. அவர்கள் விட்டுப்போன சாமான்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். அப்பாயிக்கு இது சைனாப் பீங்கான். அப்பாவுக்குச் சீமைக் கோப்பை. பக்கத்து வீட்டு பர்மியம்மா 'பகான்' என்பார், அது அப்பாயியின் காதில் 'பீங்கான்' என்றே விழும்.

கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒன்றுமே கிடையாது. பெயர் இல்லை, எண் இல்லை, சின்னம் இல்லை. போன வருஷம் ஒரு பழம்பொருள் கடைக்காரரிடம் காட்டினேன். ஒரே பார்வைதான். "அடியில நாட்டுப் பேர் இல்லையா, அப்ப 1891க்கு முந்தினது" என்று சொல்லி ஒரு விலையும் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஆனால் அந்த 1891 மனசில் நின்றுவிட்டது. தேடிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1890இல் அமெரிக்கா மெக்கின்லி சுங்கச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 1891 முதல் அந்த நாட்டுக்குள் வரும் பொருளில் எங்கே செய்தது என்று எழுதியிருக்க வேண்டும். சரி, ரங்கூன் துறையில் இறங்கிய கிண்ணத்துக்கும் அமெரிக்கச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? பர்மாவுக்கு வந்த மலிவுச் சரக்கில் 1910இலும் அடி வெறுமையாக இருந்திருக்கலாம். எழுத்து இருந்தால் அது ஒரு சாட்சி. இல்லாததை வைத்து வயது சொல்லக் கூடாது.

அதனால் எழுத்தை மறந்துவிட்டு மண்ணைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு ராத்திரி கரண்ட் போயிருந்தது. போன் டார்ச்சைக் கிண்ணத்துக்குள் வைத்து வெளியே இருந்து பார்த்தேன். துளி வெளிச்சம்கூட ஊடுருவவில்லை. அசல் பீங்கான் என்றால் மெல்லிய இடத்தில் விரல் நிழலாவது தெரியும். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்த இடம் இருக்கிறது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன், புதுச் சுவர் குடிப்பது போலக் குடித்துவிட்டது. நாக்கு நுனியை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. ஆக இது பீங்கானே இல்லை, அதைவிடக் குறைந்த சூட்டில் வெந்த வெண்மண் பாண்டம். துவாண்டேயில் வனைகிற நம் ஊர்ச் சரக்கும் இல்லை, அங்கே மண் சிவப்பு, மெருகும் (மேலே பூசிச் சுடும் கண்ணாடி போன்ற பூச்சு) கறுப்பும் பழுப்புமாக இருக்கும்.

சைனாவா இல்லையா என்பதை அடி வளையம் சொன்னது. சைனாக் கிண்ணங்களில் தரையில் படும் வளையத்தில் பெரும்பாலும் மெருகு இருக்காது, சூளை மணல்கூட ஒட்டியிருக்கும். சாதாரணக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சுடுவதற்காக உள்ளே நடுவிலும் ஒரு வட்டம் மெருகில்லாமல் விட்டிருப்பார்கள். எங்கள் கிண்ணத்தில் அடி வளையம் முழுக்க மெருகு. அதற்குப் பதில் உள்ளே நடுவில் மூன்று சின்னத் தழும்புகள், முக்கோணமாக. உப்பைக் கொட்டிக் கழுவிய பிறகுதான் கண்ணில் பட்டது. ஐரோப்பியப் பட்டறைகளில் மெருகு பூசிய பாத்திரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, நடுவே சின்ன முக்காலி போன்ற மண் தாங்கிகளை வைத்துச் சுட்டார்கள். வெந்ததும் தாங்கியை உடைத்தெடுத்தால் மூன்று புள்ளி நிற்கும். அந்த மூன்று புள்ளிகள் மேல் விரலை வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அறுபது வருஷமாக உப்புக்கு அடியில் இருந்திருக்கின்றன.

அப்புறம் பூக்கள். ஊதா நிறத்தில் ஏழிதழ்ப் பூ, கிண்ணத்தைச் சுற்றி எட்டு. இடையிடையே தூரிகையால் இழுத்த பச்சை இலை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பூவுக்குள் ஊசிமுனை அளவு வெள்ளைப் பொட்டுகள், இட்லியைப் பிட்டால் தெரிகிற துளைகள் மாதிரி. செப்புத் தகட்டிலிருந்து காகிதத்தில் எடுத்து ஒட்டிய சித்திரமாக இருந்தால் மெல்லிய கோடுகளும், காகிதம் சேர்ந்த இடத்தில் மூட்டும் தெரிந்திருக்கும். இது கடற்பஞ்சு அச்சு. பஞ்சின் அடிப்பக்கத்து இறுகிய பகுதியைப் பூ வடிவில் வெட்டி, சாயத்தில் தோய்த்து ஒவ்வொன்றாக ஒற்றுவது. பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும் செய்த வேலை. எட்டுப் பூவிலும் இடது மேல் இதழில் நகம் பட்டது போல ஒரே வெட்டு இருக்கிறது. அச்சே அப்படிக் குறைபட்டிருக்கிறது. கடைசிப் பூவுக்கு இடம் போதவில்லை, அதன் இதழ் முதல் பூவின் மேல் ஏறியிருக்கிறது. சுற்றி வந்து அந்த இடத்தில் அந்தக் கை ஒரு நொடி தயங்கியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒற்றிவிட்டாள்.

இந்த வேலை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஸ்காட்லாந்தில் நிறைய நடந்தது, ஹாலந்தின் மாஸ்ட்ரிக்ட் ஊரிலும் நடந்தது. ரங்கூன்காரனுக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ அந்நியப் பெயர் அல்ல. ஐராவதி ஆற்றில் கப்பல் விட, 1865இல் தொடங்கிய ஐராவதி ஃப்ளோட்டிலா கம்பெனிக்குத் தலைமையிடம் அங்கேதான். ஹெண்டர்சன் கம்பெனிக் கப்பல்களும் கிளாஸ்கோவிலிருந்துதான் இங்கே வந்தன, இங்கிருந்து அரிசியும் தேக்கும் ஏற்றிப் போயின. அந்த ஊரில் பெல் சகோதரர்களின் பட்டறை தென்கிழக்கு ஆசியச் சந்தைக்கென்றே தட்டுகள் செய்து, சிலவற்றின் முதுகில் ஜாவி எழுத்தில் (மலாய் மொழியை எழுதும் அரபி வகை எழுத்து) முத்திரை போட்டது. மாஸ்ட்ரிக்டில் 1830களில் பெட்ரஸ் ரெகூ தொடங்கிய பட்டறையின் சரக்கும் கீழை நாடுகளுக்கு ஏராளமாக வந்தது. அதன் சின்னம் படுத்திருக்கும் ஸ்பிங்ஸ், சிங்க உடம்பும் மனித முகமும்.

பெகுவில் சின்ன மாமியார் வீட்டில் ஸ்பிங்ஸ் போட்ட கிண்ணம் ஒன்று உண்டு. லுங்கியில் சுற்றி எங்கள் கிண்ணத்தைக் கொண்டுபோய் இரண்டையும் கூடத்துத் தரையில் கவிழ்த்து வைத்தேன். அவர்கள் கிண்ணத்திலும் அதே மூன்று புள்ளி, அதே மாதிரிப் பஞ்சுத் துளைகள். ஆனால் மண் நல்ல வெள்ளை, எங்களது சற்று மோர் நிறம். அவர்களது அடி வளையம் உள்பக்கம் செங்குத்தாக இறங்குகிறது, எங்களது உருண்டு சரிகிறது. மாமி இரண்டையும் கையில் ஏந்திப் பார்த்து, "உங்களது கனம் ஜாஸ்தி தம்பி" என்றார். ஒரே பட்டறையில் பல வருஷத்தில் பல மாதிரிக் கிண்ணம் வரும் என்பதால் இதை வைத்து மாஸ்ட்ரிக்ட் இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். என் மனசு கிளாஸ்கோ பக்கம் சாய்கிறது. அது கப்பல் கதையால் சாய்கிறது, மண்ணால் அல்ல. அதனால் கிண்ணத்துக்குள் வைத்திருக்கும் சீட்டில் 'ஐரோப்பிய வெண்மண், பஞ்சு அச்சு, 1850 முதல் 1930க்குள்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஒரு விஷயம், இப்படிப்பட்ட பழைய மண் பாண்டங்களின் மெருகில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். புளியோ ஊறுகாயோ போட வேண்டாம். அம்மாவிடம் சொல்லி உப்பையும் மாற்றிவிட்டேன், இப்போது அதில் பூஜைக்கு மல்லிகைதான் வைக்கிறோம்.

பூக்களை ஒட்டுமொத்தமாகப் பார்த்துப் பட்டறையைச் சொல்ல முடியாது, ஒருவர் மாதிரியை இன்னொருவர் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த வெட்டுப்பட்ட இதழ் ஒரே ஓர் அச்சுக்குத்தான் சொந்தம். பர்மாவிலிருந்து வந்த குடும்பமாக இருந்தால் உங்கள் வீட்டுப் பரணில் ஒருமுறை பாருங்கள். ஊதா ஏழிதழ்ப் பூ, இடது மேல் இதழில் நகக் குறி. இருந்தால் கவிழ்த்து, அடியையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.