சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இருக்கும் கேபிள்

பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "சாவியை எடுத்தாச்சு. ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற தடித்த கேபிள்ல கரண்ட் இருக்குமா?" எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வதுதான் ஆல்டர்னேட்டர். பெரும்பாலும் "இருக்காதுண்ணே" என்பார்கள். மல்டிமீட்டரைக் கொடுத்து, சிவப்பு முனையை அந்த கேபிளை இறுக்கியிருக்கும் நட்டிலும் கறுப்பு முனையை எஞ்சின் உலோகத்திலும் வைக்கச் சொல்வேன். பேட்டரி நன்றாக இருந்தால் 12.6 வோல்ட் பக்கம் காட்டும்.

அந்த கேபிள் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து நேராக வருகிறது. நடுவில் ஒரு பெரிய ஃபியூஸ் இருக்கலாம். இக்னிஷன் சுவிட்ச் அந்தப் பாதையிலேயே கிடையாது. பேட்டரி திரும்ப வடிந்துவிடாமல் தடுப்பது ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும், கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடுகள்தான்.

12 வோல்ட் ஷாக் அடிக்காதே என்று அலட்சியம் வருவது இங்கேதான். பயப்பட வேண்டியது சூட்டுக்கு. ஆல்டர்னேட்டரின் உலோகக் கூடு எர்த், அதாவது பேட்டரி மைனஸோடு இணைந்தது. நட்டுக்கும் அதற்கும் இடையில் விரல் அகலம்தான் இடைவெளி. ஸ்பேனர் இரண்டையும் ஒருசேரத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். நடுவில் மோதிரம் மாட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் விரலைப் பொசுக்கிவிடும். மோதிரம், வாட்ச், கைச்செயின் எல்லாம் கழற்றி வைத்த பிறகே பானெட்டுக்குள் கை போக வேண்டும்.

அந்த நட்டைத் தொடும் முன், முதலில் கழற்றுவது பேட்டரியின் மைனஸ். பிளஸ்ஸை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் ஷார்ட். மைனஸைக் கழற்றும்போது பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, இரண்டும் எர்த்தான். கழற்றிய கேபிள் தானாகத் துள்ளி வந்து பேட்டரியில் ஒட்டிக்கொள்ளும் குணம் உடையது. துணி சுற்றி ஓரமாகக் கட்டிவிடுவேன். பிறகு மறுபடியும் மீட்டர். பூஜ்யம் காட்டாவிட்டால் வேலை நிற்கும்: சில வண்டிகளில் இரண்டாவது பேட்டரி இருக்கும்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்கி "சார்ஜ் ஆகுதா பார்" என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். சுமை சட்டென்று விலகியதும் வோல்டேஜ் எகிறும். டையோடும் போகலாம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவும் போகலாம்.

பேட்டரியைத் துண்டித்த பிறகு, ஆல்டர்னேட்டரிலிருந்து கேபிளை எடுப்பது சுலபம். ரப்பர் கேப்பை விலக்கி நட்டைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்திருந்தால் முரட்டுத்தனம் கூடாது. போல்ட்டே சுற்றினால் உள்ளே இருக்கும் இணைப்பு முறியும். ஆல்டர்னேட்டரில் இருக்கும் சின்ன ஒயர் பிளக்கை அதன் லாக்கை அழுத்தித்தான் எடுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

மாட்டும்போது வரிசை தலைகீழ்: ஆல்டர்னேட்டர் கேபிள், ரப்பர் கேப், கடைசியாக பேட்டரி மைனஸ். கேபிள் முனையின் வளையம் கறுத்திருந்தால், நட் தளர்ந்து சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வளையத்தைச் சுத்தம் செய்யாமல் புது ஆல்டர்னேட்டர் மாட்டினால், அதே புகாரோடு வண்டி திரும்பி வரும்.