சி சாவ்: முதலில் ஒற்றைக் கை

விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையில் சேர்ந்ததுமே இரண்டு கையாலும் சி சாவ் (இருவர் கையோடு கை ஒட்டிச் செய்யும் பயிற்சி) உருட்டப் பலருக்கும் ஆசை. ஒற்றைக் கை தேறாமல் அதில் ஒன்றும் கிடைக்காது.

விங் சுன் ஆசான் இப் மான் ஹாங்காங்கில் சொல்லிக்கொடுத்த வழியில் ஒற்றைக் கைப் பயிற்சி இப்படிப் போகும். ஒருவர் ‘தான் சாவ்’ என்ற நிலையில் கையை வைப்பார், உள்ளங்கை மேல் நோக்கி. எதிராளி அதன் மேல் தன் கையை வைப்பது ஃபூக் சாவ், மணிக்கட்டு உள்ளே மடிந்திருக்கும். தான் சாவ் கை நெஞ்சைப் பார்த்து உள்ளங்கை அடியாக வரும். ஃபூக் கை முழங்கையை இறக்கி ஜம் சாவால் அதை அமுக்கி, அங்கிருந்தே முகத்துக்குக் குத்தும். முதலாமவர் முழங்கையை உயர்த்தி போங் சாவால் தடுப்பார். பிறகு பழைய நிலை.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஃபூக் சாவில்தான். முழங்கை வெளியே விரிந்தால் உடலின் நடுக்கோடு திறந்துவிடும்; விலாவிலிருந்து ஒரு முஷ்டி இடைவெளி போதும். இன்னொன்று, எதிராளி கையைக் கீழே அழுத்துவது. சோதிப்பது சுலபம்: அவர் சொல்லாமல் கையை எடுக்கட்டும். உங்கள் கை தானாக அவர் நெஞ்சுக்குப் போனால் அழுத்தம் சரி. கீழே விழுந்தால் இவ்வளவு நேரம் அவர் கைமேல் சாய்ந்திருந்தீர்கள். அப்படியே தொங்கினால் அழுத்தமே இல்லை.

போங் சாவில் தோள் காதுக்கு ஏறக்கூடாது, ஏறினால் முழங்கையைத் தள்ளியே உங்களைத் திருப்பிவிடலாம். அது தங்கும் இடமும் இல்லை, உடனே தான் சாவாக இறங்க வேண்டும்.

குத்து தோலைத் தொட்டு நிற்கணும். நிறுத்த முடியவில்லையா, வேகத்தைப் பாதியாக்குங்கள். வீரம் காட்ட வேறு நாள் இருக்கிறது.