65 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் வாங்கப் போறீங்களா, முதல்ல கீழ படுத்து பாருங்க

பழைய அமெரிக்கன் கன்வெர்ட்டிபிள், அதாவது துணி கூரையை மடக்கி திறக்கற கார் மேல ஆசை இருக்கற நம்ம ஆளுங்க எல்லாரும் முதல்ல கேக்கறது எஞ்சின் எப்படி, எத்தனை மைல் ஓடிருக்கு, பெயிண்ட் ஒரிஜினலா, இதைத்தான். மைல் கணக்கை முதல்ல விட்டுடுங்க, அந்த காலத்து ஃபோர்டு மஸ்டாங் மீட்டர்ல அஞ்சு இலக்கம் தான், ஒரு லட்சம் தாண்டினா மறுபடி பூஜ்யத்துல இருந்து ஓடும், ஒரு தடவை சுத்திச்சா ரெண்டு தடவை சுத்திச்சானு யாராலயும் சொல்ல முடியாது. எஞ்சினும் பெரிய கவலை கிடையாது. கார்ப்பரேட்டர்ல இருந்து கதவு கைப்பிடி வரைக்கும் எல்லாம் இன்னைக்கும் புதுசா கிடைக்குது, முழு பாடி ஷெல்லையே புதுசா அடிச்சு விக்கறாங்க. 1965, 66 மஸ்டாங் கன்வெர்ட்டிபிள் வாங்கறப்ப நீங்க காசு கொடுக்கறது அடியில இருக்கற தகரத்துக்கு. அந்த தகரம் துரு தின்னு போயிருந்தா வெட்டி வெல்டிங் வைக்கற கூலி காரோட விலையையே தாண்டிடும்.

இது ஏன்னு புரிஞ்சுகிட்டா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். மஸ்டாங்குக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது, பாடியே தான் எல்லா பாரத்தையும் தாங்குது. கூரை இருக்கற காருக்கு அந்த கூரையும் சேர்ந்து தாங்கும், கன்வெர்ட்டிபிள்ல அது இல்ல, மூடியை எடுத்துட்ட அட்டைப்பெட்டியை முறுக்கி பாருங்க, எப்படி வளையும்னு தெரியும். அதை ஈடு கட்ட ஃபோர்டு என்ன பண்ணாங்கன்னா கதவுக்கு கீழ நீளமா ஓடுற ராக்கர் பேனலுக்கு உள்பக்கம் தடிமனான தகரம் வச்சாங்க, சீட்டுக்கு அடியில ஃப்ளோருக்கு கீழ எக்ஸ்ட்ரா பிளேட் அடிச்சாங்க, பாடியோடயே ஒட்டின முன்பக்க ஃப்ரேம் ரெயில் வந்து ராக்கரோட சேர்ற இடத்துல, முறுக்கைத் தாங்க டார்க் (torque) பாக்ஸ்ங்கற தகரப் பெட்டி வச்சாங்க. ஆக கூரை செய்ய வேண்டிய வேலையை தரை செய்யுது. அந்த தரையிலயே ஓட்டை இருந்தா மேல எவ்வளவு பளபளப்பு இருந்து என்ன பிரயோஜனம்?

அவசரப்படவும் தேவையில்ல. 1964 ஏப்ரல் 17ம் தேதி நியூயார்க் உலக கண்காட்சியில மஸ்டாங்கை அறிமுகப்படுத்தினாங்க, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சிகாகோவுல ஒரு ஸ்கூல் டீச்சர் வெளிர்நீல கன்வெர்ட்டிபிள் ஒண்ணை வாங்கிட்டாங்கங்கறது தனி கதை. 65 மாடல்ல மட்டும் 1,01,945 கன்வெர்ட்டிபிள், 66ல 72,119. இவ்வளவு செஞ்ச வண்டிக்கு நல்லது ஒண்ணு கட்டாயம் வரும், காத்திருக்கலாம். ஆனா மஸ்டாங்ல ரொம்ப அதிகமா வித்தது கூரை இருக்கற ஹார்ட்டாப் தான், அதோட கூரையை அறுத்துட்டு கன்வெர்ட்டிபிள்னு விக்கறவங்களும் உண்டு, அதை எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கீழ சொல்றேன்.

இங்க கலிஃபோர்னியாவுல நான் தேடினப்ப என்கூட வந்தது நம்ம ஊர் சேலம் பக்கத்து அண்ணன் ஒருத்தர், அவங்க அப்பா டிங்கரிங் பட்டறை வச்சிருந்தவர், சின்ன வயசுல இருந்தே தகரத்தோட பழகின கை. முதல்ல ஒரு டீலர்கிட்ட ஒரு சிவப்பு வண்டி பாத்தோம், கண்ணைப் பறிக்கற மாதிரி இருந்துச்சு. அண்ணன் அதோட முகத்தை பாக்கவே இல்ல, நேரா குனிஞ்சு ராக்கர்ல சின்ன காந்தத்தை வச்சார், வழுக்கி கீழ விழுந்துச்சு. துணி சுத்தின காந்தமா இருந்தா பெயிண்ட்ல கீறல் விழாது, நீங்களும் அப்படியே எடுத்துட்டு போங்க. காந்தம் ஒட்டலன்னா அங்க தகரம் இல்ல, வெறும் பட்டி, ஓட்டையை அடைக்கற பூச்சு. அடியில படுத்து பாத்தா முழுக்க புதுசா கறுப்பு அண்டர்கோட்டிங், அதாவது அடிப்பாகத்துக்கு அடிக்கற கெட்டி பூச்சு அடிச்சு வச்சிருந்தாங்க, விக்கறதுக்கு முன்னாடி அவசரமா அடிச்ச அண்டர்கோட்டிங்குன்னாலே நான் சந்தேகப்படுவேன், துருவையும் அரைகுறை வெல்டிங்கையும் மறைக்க அதை விட சுலபமான வழி கிடையாது. "தம்பி, இது பட்டியில செஞ்ச வண்டி, வா போலாம்"னு அண்ணன் சொன்னதும் கிளம்பிட்டோம்.

நான் கடைசியா வாங்கினது சாக்ரமெண்டோ பக்கம் ஒரு பெரியவர்கிட்ட. வண்டியில கறுப்புல மஞ்சள் எழுத்து நம்பர் பிளேட், கலிஃபோர்னியாவுல 1963ல இருந்து 69 வரைக்கும் கொடுத்தது, மூணு எழுத்து மூணு நம்பர். பிளேட் வண்டியோடயே போகும்ங்கறதால இது இருந்தா வண்டி ஆரம்பத்துல இருந்து இந்த மாநிலத்து ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்திருக்கும்னு நம்ப இடம் இருக்கு, அதாவது பனி உருக உப்பு கொட்டி வண்டியை துரு பிடிக்க வைக்கற ரோட்ல அதிகம் உழலாத வண்டி. இப்ப அதே கலர்ல புதுசாவும் கொடுக்கறாங்க, அதனால கவனமா பாருங்க.

அடுத்தது வின் நம்பர், ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்கற அடையாள எண். பானெட்டைத் தூக்கினா டிரைவர் பக்கம் ஃபெண்டர் ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும், அதுக்குள்ள உள் ஏப்ரன்ங்கற பக்கவாட்டு தகரத்துல அடிச்சிருப்பாங்க. என் வண்டியில 5R08C-னு ஆரம்பிக்குது. 5ன்னா 1965, R-ன்னா சான் ஹோசே ஃபேக்டரி, 08ன்னா கன்வெர்ட்டிபிள், C-ன்னா 289ங்கற எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், ரெண்டு பேரல் கார்ப்பரேட்டர், 200 ஹார்ஸ்பவர். 08 இருக்க வேண்டிய இடத்துல 07 இருந்தா அது கூரை அறுத்த ஹார்ட்டாப், எவ்வளவு குறைச்சு கொடுத்தாலும் வேண்டாம், அடியில அந்த எக்ஸ்ட்ரா தகரம் இருக்காது. கதவுல இருக்கற டேட்டா பிளேட்ல 76ன்னு ஆரம்பிக்கறது கன்வெர்ட்டிபிள், ஆனா அந்த பிளேட்டை புதுசா அடிச்சு வாங்கிடலாம், அதனால ஏப்ரன்ல இருக்கறதை மட்டும் நம்புங்க, வண்டியோட உரிமைப் பத்திரமான டைட்டில் பேப்பர்ல இருக்கற நம்பரோட எழுத்துக்கு எழுத்து ஒத்து பாருங்க. எஞ்சின் இடத்துல T இருந்தா ஆறு சிலிண்டர் வண்டி, அதுக்கு சக்கரத்துல நாலு போல்ட், வி8க்கு அஞ்சு. T வண்டியில வி8 உக்காந்திருந்தா பிரேக், ஆக்சில், ஸ்டீயரிங் எல்லாத்தையும் மாத்தினாங்களானு கேளுங்க.

இதுல எனக்கு தனி சந்தோஷம் ஒண்ணு. அந்த சான் ஹோசே ஃபேக்டரி உண்மையில இருந்தது பக்கத்து ஊர் மில்பிடாஸ்ல, 1983ல மூடிட்டாங்க, 1994ல இருந்து அந்த கட்டடம் தான் கிரேட் மால்ங்கற ஷாப்பிங் மால். நாம தீபாவளிக்கு துணி எடுக்க, பசங்களுக்கு ஷூ வாங்கன்னு சுத்தற அதே இடத்துல தான் இந்த வண்டியை ஒட்டி முடிச்சு வெளிய தள்ளிருக்காங்க, அதை நினைச்சா இன்னமும் ஒரு மாதிரி சிலிர்ப்பா இருக்கு.

சரி, இப்ப முக்கியமான டெஸ்ட். வைப்பருக்கு கீழ, கண்ணாடிக்கு முன்னாடி காத்து போற ஜன்னல் மாதிரி வரிசையா கீறல் இருக்கும், அதுக்கு கவ்ல்னு பேரு. மழை தண்ணி அதுல இறங்கி ரெண்டு பக்கமும் முன் சக்கரத்துக்கு பின்னாடி வழியா வெளிய போகணும். உள்ள இலை தழை அடைச்சு ஈரம் தங்கி துரு பிடிச்சா தண்ணி நேரா உங்க கால் மேல ஊத்தும், அதை சரி பண்ண நூத்துக்கணக்குல இருக்கற ஸ்பாட் வெல்டை ட்ரில் போட்டு பிரிக்கணும். பெரியவர்கிட்ட தண்ணி ஊத்தி பாக்கலாமானு கேட்டேன், "தாராளமா"னு அவரே ஒரு ஜக்கை எடுத்துட்டு வந்தார், அந்த ஒரு பதில்லயே எனக்கு பாதி நம்பிக்கை வந்துடுச்சு. அண்ணன் மெதுவா ஒரு பக்கமா ஊத்தறார், நான் டேஷ்போர்டுக்கு அடியில தலையை விட்டு டார்ச் அடிச்சிட்டு மல்லாக்க படுத்திருக்கேன், முகத்துக்கு நேர மேல ஹீட்டர் டப்பாவும் வயர் கூட்டமும், தகரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி ஓடற சத்தம் மட்டும் கேக்குது, ஒரு சொட்டு உள்ள வரல. டிரைவர் பக்கம் வெளிய சிமெண்ட் தரையில தண்ணி ஓடுச்சு. பாசஞ்சர் பக்கம் ஊத்தினப்ப கார்பெட் ஓரம் லேசா நனைஞ்சுது, ஹீட்டர் காத்து வர்ற கழுத்துக்கிட்ட ஒரு சின்ன பொத்தல். விலை பேசறப்ப இதை தான் கையில எடுத்தேன்.

கதவு இடைவெளியும் இதே அளவு முக்கியம். டாப்பை இறக்கிட்டு கதவோட பின் ஓரத்துக்கும் பாடிக்கும் நடுவுல விரலை மேல இருந்து கீழ ஓட்டுங்க, மேல நெருக்கமாவும் கீழ அகலமாவும் இருந்தா நடு முதுகு தொங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் முன்பக்கம் ஜாக்கி போட்டு தூக்கிட்டு கதவைத் திறந்து மூடி பாருங்க, தரையில நல்லா மூடின கதவு தூக்கினப்புறம் சிக்குதுன்னா அடியில பலம் போச்சு. ராக்கரை ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிட்டே போனா நல்ல தகரம் கணீர்னு சொல்லும், துருவும் பட்டியும் மொத்துனு கேக்கும். டிக்கியில மேட்டை எடுத்துடுங்க, இந்த வண்டியில பெட்ரோல் டேங்கோட மேல்பாகம் தான் டிக்கி தரை, அதைச் சுத்தி துரு இருக்கானு பாக்கணும்.

டாப்புக்கு நிறைய பேர் துணி கிழிஞ்சிருக்கானு மட்டும் பாக்கறாங்க, துணி சின்ன செலவு தான், கம்பி ஃப்ரேம் வளைஞ்சிருந்தா தான் வலி. பவர் டாப்புன்னா பின் சீட்டுக்கு பின்னாடி ஹைட்ராலிக் பம்ப் இருக்கும், ரெண்டு பக்கமும் சிலிண்டர், ஏறறப்ப ரெண்டு பக்கமும் சமமா வருதா, சிலிண்டர்ல எண்ணெய் கசியுதானு பாருங்க.

ஓட்டி பாத்தப்ப, ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, கியர் குச்சி பக்கத்துல ரெண்டு புள்ளி, பெரிய புள்ளியில போட்டா முதல் கியர்ல இருந்து கிளம்பும், சின்னதுல போட்டா ரெண்டாவதுல இருந்து, பழகாதவங்க சின்னதுல போட்டு ஓட்டிட்டு வண்டிக்கு இழுவை இல்லனு சொல்லிடுவாங்க. மேடு பள்ளத்துல கண்ணாடி ஃப்ரேம் லேசா நடுங்கும், கன்வெர்ட்டிபிள்னா அந்த அளவு சகஜம். கதவு சேர்ந்து தடதடன்னா சகஜம் இல்ல.

அவர் கேட்டது 31 ஆயிரம் டாலர். கவ்ல், பிரேக், ரெண்டையும் காட்டி பேசி 28 ஆயிரத்து 500க்கு முடிஞ்சுது, குறைச்சு பேசினதுல அவருக்கும் வருத்தம் இல்ல, துருவை மறைக்காம போட்டோ எடுத்து வச்சிருந்த மனுஷன். பேப்பர் வேலை சுலபம், 10 நாளுக்குள்ள டிஎம்விங்கற மோட்டார் வாகன ஆபீஸ்ல பேர் மாத்தணும், வண்டி வாங்கினதுக்கான யூஸ் டாக்ஸ் கட்டணும், 1975 இல்லன்னா அதுக்கு முந்தின மாடல்னா ஸ்மாக் டெஸ்ட், அதாவது புகை சோதனை கிடையாது. இன்ஷூரன்ஸை மட்டும் சாதாரண பாலிசியா எடுக்காதீங்க, ஒத்துக்கிட்ட மதிப்புக்கு எடுக்கற கிளாசிக் கார் பாலிசியா எடுங்க, இல்லன்னா ஏதாவது ஆச்சுன்னா அறுபது வருஷத்து பழைய காருன்னு விலை போடுவாங்க.

பிரேக் விஷயத்துல ஒண்ணு, தயவு செஞ்சு அலட்சியமா விடாதீங்க. பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டர் 66 வரைக்கும் மஸ்டாங்ல ஒரே சர்க்யூட் தான், நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி, எங்கயாவது ஒரு ஹோஸ் வெடிச்சா நாலு சக்கரத்துலயும் பிரேக் போயிடும், 67ல தான் ரெண்டா பிரிச்சாங்க. ஒரிஜினாலிட்டி கெட்டுடும்னு சிலர் அப்படியே ஓட்டறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, பின் சீட்ல என் பொண்ணு உக்காரப் போறா. டூயல் மாஸ்டர் சிலிண்டரும் புது ஹோஸும் ஆர்டர் போட்டாச்சு, பழையதைக் கழட்டி டப்பாவுல பத்திரமா வச்சிடுவேன், வேணும்ங்கறவன் பின்னாடி மாட்டிக்கட்டும். அது முடியற வரைக்கும் ஹைவே கிடையாது, எங்க தெருவுல மட்டும் தான் ஓடும்.