பெல்லட் பொறுக்கிய ஆறு வாரங்கள்

சுட்டு முடித்த தோட்டா உறையில் மீண்டும் மருந்தடைக்கும் கலையைப் பற்றி ஓராண்டாகப் படித்து வந்தேன். ஆனால் உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தடை செய்கிறது. தில்லி மயூர் விஹாரின் மூன்றாம் மாடியில் வெடிமருந்தை வைத்துக்கொள்ள நானும் துணியமாட்டேன். ஆகவே அந்த ஆர்வத்தை, காற்றழுத்தத்தால் சுடுவதால் மருந்தே தேவைப்படாத, 10 மீட்டர் தொலைவு இலக்குக்கான ஏர் ரைஃபிளின் பெல்லட்டுகள் மீது திருப்பினேன்.

பெல்லட் என்பது 4.5 மி.மீ. விட்டமும் ஏறத்தாழ 0.53 கிராம் எடையும் கொண்ட, இடை சிறுத்த ஈயக் குண்டு. முதலில், ஒரு மில்லிகிராம் வரை காட்டும் தராசில் 200 குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தேன். மின்விசிறிக் காற்றில் எண்கள் நடுங்கியதால், மே மாத வெயிலில் விசிறியை அணைத்துவிட்டு, தராசின் மேல் கண்ணாடி போன்ற இனிப்பு டப்பா ஒன்றைக் கவிழ்த்து வேலை செய்தேன். அரை மணி நேரத்தில் தராசே 2 மில்லிகிராம் விலகியிருந்தது என்பதைப் படிக்கல்லை வைத்துப் பார்த்தபோதுதான் கண்டேன். அன்றைய உழைப்பு முழுவதும் வீண்.

எடை போடுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கை அதன்பிறகே போட்டேன். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு, 10 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 17 மி.மீ. தாழ்கிறது. எடை ஒரு சதவீதம் கூடினால், வேகம் சற்றே குறைந்து, அந்தத் தாழ்வு ஏறத்தாழ 0.17 மி.மீ. மட்டுமே கூடும். இலக்கில் 0.1 புள்ளிக்கு உரிய இடைவெளியோ 0.25 மி.மீ. ஆகவே நின்றபடி சுடும் என் கைநடுக்கத்துக்கு முன்னால் அது பொருட்டே அல்ல.

பலன் கிடைத்தது வேறு இடத்தில். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, அரிசியில் கல் பொறுக்கிய பழக்கத்தில், தொடாமல் எட்ட இருந்து பார்த்தே, "இது ஓரம் நசுங்கியிருக்குடா" என்று காட்டினார். 500 குண்டுகளில் 11 அப்படிப் பின்விளிம்பு நசுங்கியவை. துக்ளகாபாதில் உள்ள கர்ணி சிங் சுடுதளத்தில், ரைஃபிளைத் தாங்கியில் வைத்து ஐந்தைந்தாகச் சுட்டபோது, நல்ல குண்டுகளின் துளை மையங்கள் 1.6 மி.மீ. பரப்புக்குள் அடங்கின, நசுங்கியவை 4 மி.மீ. வரை சிதறின. குண்டின் தலைப்பகுதி விட்டத்தை மாற்றிப் பார்த்ததும் உதவியது: 4.49 மி.மீ. குண்டுகள் 2.4 மி.மீ. அளவுக்கும், 4.51 மி.மீ. குண்டுகள் 1.9 மி.மீ. அளவுக்கும் பரவியதால், 4.50 மி.மீ. அளவையே வைத்துக்கொண்டேன். இன்னொருவர் குழலுக்கு வேறு அளவு பொருந்தக்கூடும். எடை பார்த்துப் பிரித்தவை 1.5 மி.மீ. அளவில் அடங்கின என்றாலும், 25 குண்டுகளை மட்டும் சுட்டு அந்த 0.1 மி.மீ. வேறுபாட்டை நம்புவதற்கில்லை.

ஈயம் நஞ்சு என்பதால் சாப்பாட்டு மேசையை விட்டுப் பால்கனிக்கு இடம் மாறினேன். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். இப்போது எடை போடுவதை நிறுத்திவிட்டு, விளிம்பை மட்டும் பார்த்துப் பொறுக்குகிறேன். ஈயம் பட்ட தட்டாகிவிட்டதால், அந்தத் தராசைச் சமையலறைக்குத் தர இயலவில்லை.