கியர் குமிழுக்கு ஒரு நாற்காலிக் கால்

என் காரின் கியர் குமிழ் ரப்பர் பூச்சு போட்ட பிளாஸ்டிக். வருடங்கள் போகப் போகப் பூச்சு இளகிவிட்டது. தொட்டால் விரலில் ஒட்டியது, துடைத்தால் துணியில் ஒட்டியது. உடைந்த நாற்காலி ஒன்றின் கால் வெகுநாளாகப் பரணில் கிடந்தது. ஈட்டி மரம், நன்றாக வைரம் பாய்ந்த கட்டை. எறிய மனம் வராமல் வைத்திருந்ததற்கு ஒரு வேலை கிடைத்தது.

மரக் குமிழ் என்றால் எல்லாரும் முதலில் கேட்பது என்ன மரம் என்பதைத்தான். கேட்கட்டும். ஆனால் குமிழ் நன்றாக வருமா வராதா என்பது அதன் வயிற்றுக்குள் இருக்கும் உலோகத்தைப் பொறுத்தது.

கியர் தண்டின் முனையில் மரை இருக்கும். பல கார்களில் அதன் விட்டம் 10 மி.மீ.; 8, 12 மி.மீ. தண்டுகளும் உண்டு. விட்டம் ஒன்றாக இருந்தாலும் மரையின் இடைவெளி சில கார்களில் 1.25 மி.மீ., சிலவற்றில் 1.5 மி.மீ. என்று மாறும். கண்ணால் பார்த்தால் பிடிபடாது. 1.5 நட்டை 1.25 தண்டில் மாட்டினால் ஓரிரு சுற்று சமர்த்தாக இறங்கிவிட்டு அப்புறம் இறுகும். அங்கே பலத்தைக் காட்டுகிறவர் குமிழை மாற்ற வந்து தண்டையே மாற்றிவிட்டுப் போவார். மரையை அளக்கும் கேஜ் ஒன்று கையில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சில கார்களில் மரையே கிடையாது, குமிழை அழுத்திச் செருகியிருப்பார்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் குமிழிலேயே பொத்தான் இருக்கும். அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

மரத்திலேயே மரை வெட்டினால் நிற்காது. அதிலும் நாரின் போக்கில் இறங்கும் துளையில் திருகு சுலபமாகப் பிடியை விட்டுவிடும். மரத்தில் பதிக்கும் ஆயத்தப் பித்தளை மரைகள் பெரும்பாலும் 1.5 இடைவெளியில்தான் கிடைக்கின்றன. என் தண்டு 1.25. ஆகவே 20 மி.மீ. பித்தளைத் தண்டில் 30 மி.மீ. துண்டு வெட்டி, 8.8 மி.மீ. துளை போட்டு, உள்மரை வெட்டும் டேப் என்ற கருவியை விட்டு நானே மரை வெட்டினேன். துளை மறுமுனைவரை போகவில்லை, பாதி வழியிலேயே நிற்கிறது. அதன் பயன் கடைசியில் தெரியும். வெளிப்புறத்தில் அரத்தால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிட்டேன், பசைக்குப் பிடி வேண்டுமே.

பசை விஷயத்தில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியை எட்டக்கூடும். ஐந்து நிமிடத்தில் காயும் சாதாரண எபாக்ஸி அந்தச் சூட்டில் இளக ஆரம்பிக்கும். மெதுவாகக் காயும், வெப்பம் தாங்கும் வகையை வாங்குங்கள். ஈட்டி எண்ணெய்ப் பசை உள்ள மரம், தேக்கும் அப்படித்தான். துளையின் உட்புறத்தை அசிட்டோனால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும்.

உருவம் கொடுப்பது இதற்கெல்லாம் பிறகுதான். சதுரக் கட்டையிலேயே துளை போட்டு, பித்தளையை ஒட்டி, அதில் ஒரு போல்ட்டைத் திருகி அந்தப் போல்ட்டை அச்சாக வைத்துக் கடைய வேண்டும். அப்போது துளை எங்கே விழுந்திருந்தாலும் அதுதான் நடு. அழகாக உருண்டை பிடித்துவிட்டு அப்புறம் துளை போடுகிறவர்களின் பொறுமையை வியக்கிறேன். என்னிடம் கடைசல் இயந்திரம் இல்லை. மர அரத்தால் முரட்டு வடிவம் கொடுத்து, போல்ட்டை டிரில்லில் மாட்டி, சுழலச் சுழல உப்புத்தாள் பிடித்தேன். 80-ஆம் எண் முரட்டுத் தாளில் தொடங்கி 600-ஆம் எண் நைஸ் தாள் வரை. நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் படுத்திருக்கும் நார் எழுந்து நிற்கும். காயவைத்து மறுபடி தேய்த்தால் பிறகு எழாது. முகமூடி கட்டாயம். ஈட்டித் தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

எடையைப் பற்றிக் கார்ப் பிரியர்களிடையே ஓயாத சண்டை உண்டு. 50 மி.மீ. உருண்டை ஈட்டியில் ஏறக்குறைய 55 கிராம்தான் வரும். பித்தளையின் புண்ணியத்தில் என்னுடையது நூறைத் தாண்டியது. கனமான குமிழ் தன் வேகத்திலேயே தண்டை இழுத்துக்கொண்டு போகும், கியர் வழுக்கி விழுவது போலிருக்கும் என்பது ஒரு கட்சி. 1969-இல் வந்த போர்ஷே 917 பந்தயக் காரிலோ எடை குறைக்க பால்சா மரக் குமிழ் வைத்தார்கள். பின்னாளில் போர்ஷேயின் கரேரா ஜிடி காருக்கு வைத்த மரக் குமிழ் அதன் நினைவாக வந்ததுதான். நான் நடுவில் நிற்கிறேன்.

மேற்பூச்சில் எனக்குப் பிடிவாதம் உண்டு. கண்ணாடி போல மின்னும் வார்னிஷ் வேண்டாம். வேர்த்த உள்ளங்கையில் வழுக்கும், மரத்தைத் தொடுகிறோம் என்ற உணர்வும் போய்விடும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பூச்சு அழகுதான், ஆனால் சானிடைசர் தடவிய கை பட்டால் கரையும். ஆளிவிதை எண்ணெய் ஈட்டியின் மேல் லேசில் காயாது. அந்த எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். விரித்துத்தான் உலர்த்த வேண்டும். நான் வெறும் மெழுகோடு நிறுத்திக்கொண்டேன். மங்கும்போது மறுபடி தேய்த்தால் போயிற்று.

உருண்டையாக இருந்தால் எந்தத் திசையில் நின்றாலும் ஒன்றுதான். நான் உள்ளங்கைக்கு ஒரு பக்கம் சற்றுப் பருத்த வடிவம் கொடுத்திருந்தேன். மேலே கியர் வரைபடமும் கீறியிருந்தேன். முழுதாக முறுக்கினால் முதல் கியர் ஜன்னலைப் பார்த்து நின்றது. வழக்கமாக இதற்குக் குமிழின் அடியில், அது திரும்பாமல் இறுக்கிப் பிடிக்க ஒரு லாக் நட் போடுவார்கள். என் காரில் ரிவர்ஸ் போடத் தூக்கும் வளையம் அங்கேதான் இருக்கிறது, நட்டுக்கு இடமில்லை. ஆகவே மூடிய துளைக்குள் மெல்லிய வாஷர்களைப் போட்டு, தண்டின் நுனி அவற்றில் முட்டி இறுகும்போது குமிழ் நேராக நிற்கும்படி செய்தேன். கடைசி வாஷரை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்க வேண்டியிருந்தது. ரிவர்ஸ் வளையம் தடையில்லாமல் முழுதும் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்பினேன்.